பொங்கல் மழையும் என் கடைசிக் கச்சேரியும்

மேடை ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றிவிடுங்கள். அதில் வாதம் வேண்டாம். அம்மன் நடைக்கு நேர் எதிரே போட்ட மேடையில் செருப்போடு நிற்பவளின் பாட்டை நம் பக்கத்தில் எந்த ஊரும் கேட்காது. ஆனால் கழற்றிய கையோடு ஒரு பலகை கேளுங்கள். பலகை இல்லையென்றால் நாலாக மடித்த சாக்கு. காய்ந்த சாக்கு. "என்ன டீச்சர், சின்னப் பிள்ளை மாதிரி பலகை மேல ஏறி நிக்கீங்க?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

புதிதாக மேடை ஏறப்போகும் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. சுருதி விலகினால் எப்படிச் சமாளிப்பது, துண்டுச் சீட்டு அனுப்பி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டீர்கள். அவற்றை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் கேட்ட பாட்டைப் பாடி முடித்தோம். அந்தப் பாட்டைத் தாங்கள் முதலில் கேட்டதாக மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் குழுவின் லீடர் மைக்கை வாங்கி, "இதுவரை நீங்கள் கேட்டது ஒத்திகை. இப்போது மாப்பிள்ளை வீட்டாருக்காக அசல்" என்றார். நாற்காலிகள் திரும்பின. உடனே பெண் வீட்டார் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள். மேடை வாழ்க்கையில் பாதி இப்படித்தான் போகும். பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டே போய்விடலாம்.

நான் சொல்ல வந்தது சிரித்துக்கொண்டே போய்விட முடியாத ஒரு விஷயத்தை. அதையும் சிரிக்காமல் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் ஒரு சிறிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, திருவிழாக் காலத்திலும் முகூர்த்த நாட்களிலும் மெல்லிசைக் குழுவில் பாடியவள் நான். அதனால் குழுவிலும் எனக்கு டீச்சர் என்றே பெயர். லீடர் கீபோர்டு வாசிப்பார். பகலில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு மை இருக்கும். என்னோடு சேர்ந்து பாடியவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சோகப் பாட்டின் நடுவில்கூட "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்கிற தோரணையில் கையை ஆட்டுவார். ரிதம் பேட் வாசித்தது என் மகன் கதிர். கல்லூரியில் சேர்ந்த வருஷம் விளையாட்டாக வந்து உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கோவில்பட்டியில் அப்போது இப்படிக் குழுக்கள் நிறைய இருந்தன. சீசன் வந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாயங்காலம் எல்லாக் குழுக்காரர்களும் நிற்பார்கள். ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த குழுவிலிருந்து ஆளை அனுப்பிவைப்பார்கள். மேடையில் போட்டி, டீக்கடையில் ஒரே பெஞ்சு. பிறகு மெல்லக் குறைந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் டிவியில் முகம் காட்டிய குழு வேண்டும் என்று மதுரைக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் சிடி போதும் என்றார்கள். டிரம்ஸ்காரர்கள் திருப்பூருக்குப் போனார்கள். டீக்கடை பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. கதிருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது, நானும் அதோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

லீடரிடம் சொன்னேன். அவர் நகத்து மையைச் சுரண்டினார்.

"சரி டீச்சர். பசுவந்தனைக்கு அங்கிட்டு ஒரு ஊர்ல அம்மன் கோயில் பொங்கல். அதை உங்க கச்சேரியா வச்சுக்கிடுவோம். கடைசிப் பாட்டு நீங்க தனியாப் பாடுதீங்க. ஒருத்தனும் குறுக்க வர மாட்டான்."

"எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்?"

"சும்மா இருங்க. இத்தனை வருசம் பாடிட்டு, பஸ்ஸை விட்டு இறங்குத மாதிரி இறங்கிப் போவீங்களா?" என்றார்.

"ஸ்டாப்பிங்ல நிப்பாட்டித்தான் இறக்கணும்" என்றார் கண்டக்டர்.

புரட்டாசி மாதப் பொங்கல் அது. உங்களில் பலர் டவுனில் வளர்ந்தவர்கள், அதனால் சொல்கிறேன். மானம் பார்த்த கரிசலில் அந்த மாதம் புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். மழை வரும் என்று நம்பி, காய்ந்த மண்ணுக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த வருஷம் விதைத்து நாளாகியும் ஒரு சொட்டு விழவில்லை. நாங்கள் வேனில் போய் இறங்கியபோது ஊரே பேசியது அதைத்தான். கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஜெனரேட்டர்காரர் எர்த் கம்பியை ஊன்ற இடம் தேடினார். எங்கே ஊன்றினாலும் வெடிப்புக்குள் ஆடியது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். மண் அதைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கச்சேரி ஆரம்பித்தது. மேடைக்கு மேலே தார்ப்பாய். சுற்றிலும் இரும்புக் குழாய்கள், அவற்றில் டியூப் லைட்டுகள். முன்வரிசையில் பெண்கள். நடு நாயகமாக சீனியம்மாள் என்று ஓர் அம்மாள். ஊரில் குலவை என்றால் அவர் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்கள் திறப்பார்கள். முதல் பாட்டிலேயே எனக்கு அவர் மார்க் போட்டுவிட்டார்.

"ஏட்டி, டீச்சர்ங்காவ, சத்தமே காணோம்? பிள்ளைகளை எப்படித்தான் அதட்டுதாவளோ!"

நான் கொஞ்சம் ஏற்றிப் பாடினேன். "ம், இப்பம் கேக்கு" என்றார்.

நாலைந்து பாட்டு போயிருக்கும். ஒரு தூறல் விழுந்தது. யாரும் நம்பவில்லை. அடுத்த பாட்டில் நன்றாகவே விழுந்தது. கூட்டம் எழுந்து ஓடும் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. பெரியவர்கள் துண்டை எடுத்துவிட்டு முகத்தை மேலே காட்டி நின்றார்கள். ஒருவர் கையை ஏந்தி, நனைந்த உள்ளங்கையைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். அவரும் நனைந்துகொண்டுதான் இருந்தார். இருந்தாலும் வாங்கிப் பார்த்தார்.

ஊர்த் தலைவர் மேடை ஓரம் வந்து லீடரிடம் சொன்னார். "அண்ணாச்சி, இங்கன ஒரு வழக்கம் உண்டு. பொங்கலன்னைக்கு மழை வந்தா சத்தம் ஓயக் கூடாது. மேளமோ பாட்டோ, ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா மழையா வந்த அம்மனை வான்னு கூப்பிட்டுக் கதவை அடைச்ச மாதிரி."

லீடர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் கச்சேரிக்கு மழையே வந்திருக்கிறது பாருங்கள் என்கிற சிரிப்பு.

அடுத்த பாட்டின் இரண்டாவது சரணத்தில் என் உதட்டில் எறும்பு கடித்தது. அப்படித்தான் நினைத்தேன். துடைத்துக்கொண்டு மைக்கைத் திரும்ப வாயருகே கொண்டுபோனேன். மறுபடி கடித்தது. இம்முறை முழங்கை வரைக்கும் ஓடியது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் நின்றிருந்த சாக்கு சாரலில் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது.

மைக்கைத் தள்ளிப் பிடித்துப் பாடினேன். சத்தம் குறைந்தது. "எங்க போயிட்டீங்க டீச்சர்?" என்றார் சீனியம்மாள்.

கதிரைப் பார்த்தேன். இரும்பு மடக்கு நாற்காலி. இரும்பு ஸ்டாண்டின் மேல் பேட். நனைந்த ஜமுக்காளத்தில் வெறுங்கால். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு நிற்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வரிகள் தாமாக வாயில் வருகின்றன. அதனால் தலை வேறு வேலை செய்யலாம். "கரண்ட் அடிக்குது" என்று மைக்கில் கத்தியிருக்கலாம். என் வாய் அதற்குத்தான் துடித்தது. கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. மழை வலுத்ததும் ஒதுங்கிய பிள்ளைகளும் பெண்களும் தார்ப்பாயின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு, மேடையின் இரும்புக் குழாய்களைப் பிடித்தபடி நின்றார்கள். நான் கத்தினால் கூட்டம் ஒரே நேரத்தில் நெருக்கும். நெருக்கும்போது விழாமல் இருக்கக் கை எதைப் பிடிக்கும்? குழாயைத்தான் பிடிக்கும்.

மைக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். பெற்றவள் அதைத்தான் செய்வாள். ஆனால் குழாயைப் பிடித்திருந்த பிள்ளைகளைப் பெற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள், எதுவும் தெரியாமல். சத்தம் நின்றால் என்ன ஆச்சு என்று ஊர் மொத்தமும் மேடையை நோக்கித்தான் வரும்.

ஆக, சத்தம் நிற்கக் கூடாது. கரண்ட் நிற்க வேண்டும். கூட்டம் மேடையை விட்டு விலக வேண்டும். இந்த மூன்றும் எனக்கு இப்படி வரிசையாகத் தோன்றின என்று சொன்னால் பொய். எனக்குத் தோன்றியது சீனியம்மாளின் வாய் மட்டும்தான்.

சரணத்தின் நடுவிலேயே பாட்டை நிறுத்தினேன். மைக்கை முந்தானையின் காய்ந்த பாகத்தால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக் குரலில் சொன்னேன்:

"தாய்மாரே! அம்மன் கண் திறந்திட்டா. அவ வந்த பிறகு மைக்குல பாடுதது மரியாதை இல்லை. எல்லாரும் நடைக்கு முன்னால வாங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. குலவை போட்டு அவளை உள்ள கூப்பிடுவோம். சீனியம்மாக்கா, நீங்கதான் முதல்ல!"

அந்த அம்மாள் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு எழுந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடையைப் பார்த்துத் திரும்பினார். குலவை கிளம்பியது. எங்கள் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் சேர்ந்து அன்று வரை அப்படியொரு சத்தம் போட்டதில்லை. பெண்கள் குழாய்களை விட்டார்கள். பிள்ளைகள் கைகளை உதறிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்கள்.

நான் கையை உயர்த்தி விரல்களை மடக்கினேன். எங்கள் குழுவில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். கண்டக்டர் உடனே மைக்கைக் கீழே வைத்தார். கதிர் கையை எடுத்தான். லீடர் மட்டும் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வாசித்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி!" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, இரண்டு கைகளையும் சட்டென்று எடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, ஜெனரேட்டரை அமத்துலே!"

விளக்குகள் அணைந்தன. மேற்கே மேகத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. கோயிலுக்குள் எண்ணெய் விளக்கு எரிந்தது. போதுமானதாக இருந்தது. ஜெனரேட்டர் நின்றதை ஊரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அந்த அளவுக்குக் குலவை.

அப்புறம் நடந்ததுதான் கச்சேரி. குலவை கும்மியாக மாறியது. சீனியம்மாள் பாட்டெடுத்தார். எனக்கு ஒரு வரியும் தெரியாது. பின்னால் நின்று அவர் பாடியதையே திருப்பிப் பாடினேன். இத்தனை வருஷம் நடுமேடையில் நின்றவள், கடைசிக் கச்சேரியில் பின்பாட்டுக்காரி ஆனேன். நடுவில் ஒரு சுற்று எனக்கு அடி தப்பியது. "ஏட்டி, டீச்சருக்குக் கைதட்டத் தெரியல! யாராவது டியூசன் எடுங்கட்டி!" என்றார் சீனியம்மாள். கதிர் எங்கிருந்தோ ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மைத் தூக்கி வந்து கவிழ்த்துப் போட்டு அடித்தான். கண்டக்டர் ஆண்களை வரிசை பிரித்து, "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள இடம் கெடக்கு" என்று ஆட வைத்தார். எனக்கென்று லீடர் வைத்திருந்த தனிப்பாட்டைப் பாடவே இல்லை.

விடிந்து பார்த்தால் வேன் நகரவில்லை. நனைந்த கரிசலை நீங்கள் மிதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்துக்கொண்டே போகும். வேனின் சக்கரங்கள் சுற்றச் சுற்ற மண் அப்பி உருண்டு திரண்டு, சக்கரம் எது மண் எது என்று தெரியவில்லை. தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிறது. போக முடியவில்லை.

ஊர் சிரித்தது. மழை பெய்த மறுநாள் அவர்களுக்கு எல்லாமே சிரிப்புதான். "மண்ணு உங்களை விடமாட்டேங்கு. நாங்க கொண்டாந்து விடுதோம்" என்றார்கள். ஸ்பீக்கர் பெட்டி ஒருவர் தலையில் ஏறியது. கீபோர்டை நாலு பேர் சப்பரம் தூக்குவது போலத் தோளில் வைத்தார்கள். மைக் பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்று சீனியம்மாள் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டார். வரப்போரமாக வரிசையாகப் போனோம். ஒரு கூத்தாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கச்சேரிகளுக்கெல்லாம் சேர்த்துக் கடைசி ஊர்வலம் நடத்தியது போல இருந்தது எனக்கு.

தார் ரோட்டில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, குச்சியால் காலில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ராத்திரி முழுக்கக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கதிரிடம் கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் அடிக்கலையேப்பா?"

அவன் மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். "அடிச்சுதும்மா. தூறல் போட்டதுலருந்தே லேசா சுர்ர்ருன்னு இருந்துச்சு."

என் கையில் இருந்த குச்சி நின்றுவிட்டது. "பின்ன ஏம்ல சொல்லல?"

"ஒனக்கு லாஸ்ட் புரோகிராம்லாம்மா. கடைசிப் பாட்டை நீ பாடி முடிச்சிரட்டும்னு இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"எனக்குந்தான் டீச்சர். அதான் கர்ச்சீப்பைச் சுத்திக்கிட்டேன்."

மைக்கில் அவர் கைக்குட்டை சுற்றியதை நான் பார்த்திருந்தேன். ஜலதோஷம் போலிருக்கிறது, அடுத்தவருக்கு ஒட்டக் கூடாது என்று செய்கிறார் என்று மனசுக்குள் மெச்சியும் இருந்தேன்.

லீடரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி?"

"எனக்குந்தான். கீபோர்டுல கருப்புக் கட்டையைத் தொடாம வாசிச்சேன். அதை ஒட்டி ஓரத்துல ஒரு ஆணிதான் அடிச்சுது" என்றார். "உங்க தனிப்பாட்டு வரைக்கும் ஓட்டிரலாம்னு இருந்தேன் டீச்சர். அதான் தலையாட்டுனேன். ஊர்க்காரனுக்குப் பயந்துன்னு நினைச்சிராதீங்க."

ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவரும் அசட்டையாக இல்லை. மூன்று பேரும் தனித்தனியாக எனக்கு நல்லது நினைத்திருக்கிறார்கள். மூன்று பேரின் நல்ல மனசும் சேர்ந்து, கரண்ட் அடிக்கிற ஈரத் தரையில் என்னையும் என் பிள்ளையையும் விட்டுவைத்திருக்கிறது. எனக்கு ஆறாதது இதுதான். மழையை நான் மன்னித்துவிட்டேன். மண் வெடிப்பில் ஆடிய கம்பியைக்கூட மன்னித்துவிட்டேன். என் மேல் வைத்த அந்தப் பிரியத்தை மட்டும் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பெங்களூரில் அவன் போனை எடுக்குமுன் மணி இரண்டு தடவை அதிகம் அடித்துவிட்டால் போதும், எனக்கு அந்த ஜமுக்காளம் கண்ணில் வந்துவிடும்.

ஆகவே, பிள்ளைகளே, மேடையில் விரல் நுனியில் சுரீரென்றால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். அது யாருடைய முதல் கச்சேரி, யாருடைய கடைசிக் கச்சேரி என்று பார்க்காதீர்கள். பாடுகிறவர் மனசு நோகும் என்று பார்க்காதீர்கள். நோகட்டும். பிறகு சமாதானம் செய்துகொள்ள ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

அன்றைக்கு நான் இவ்வளவு நிதானமாகச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து எழுந்து, மூன்று பேரையும் ரோட்டோரத்தில் வரிசையாக நிற்க வைத்தேன். நின்றார்கள். "மூளை இருக்கா ஒங்களுக்கு? ஒருத்தனுக்காவது வாய் இருக்கா? பாட்டுக்குத்தான் வாயா?" என்று ஆரம்பித்தேன். அச்சகத்தில் வேலை பார்த்தவரையும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவரையும் இஞ்சினியரிங் படித்தவனையும் ஒரே தட்டில் வைத்து, என்னென்ன வந்ததோ அத்தனையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். அவர்கள் தலையைக் குனிந்து மண் அப்பிய கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமான் சுமந்து வந்த ஊர்க்காரர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். வயலுக்குப் போகிறவர்களும் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். என் கடைசி மேடை அந்தத் தார் ரோடுதான். மைக் கிடையாது, எதிரே நல்ல கூட்டம்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். மைக் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே இவ்வளவு நேரமும் நின்றிருந்த சீனியம்மாள் மனசு நிறைந்து சொன்னார்:

"இப்பந்தான் டீச்சர் நல்லாக் கேக்கு."